துளசி துள்ளுமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கிறது. செம்பை எடுத்தால் முதலில் உள்ளே எட்டிப் பார்க்கிறேன். பிறகு ஆட்டிப் பார்க்கிறேன். அப்புறம்தான் குடிக்கிறேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்ட மனிதர் என் மனைவியின் அண்ணன். சிதம்பரம் கீழ வீதியில் இருக்கிறார். வாரப் பத்திரிகைகளைக் கையால் தொடமாட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என் பெண் சிவகாமி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். இண்டர்மீடியட் சேர வேண்டும், அதுவும் ஸயன்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம். காலேஜ் இருப்பது சிதம்பரத்தில். நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். மாமா வீட்டில் தங்கினால் படிப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மச்சானும் சம்மதித்திருந்தார். "நம்ம ஆசாரம் கெடாம இருந்தா போதும் மாப்ளே" என்று மட்டும் ஒரு வார்த்தை. நாங்கள் சைவக் குடும்பம். அவர் எங்களைவிடச் சைவம் — வெங்காயத்தைக்கூடச் சந்தேகத்தோடு பார்ப்பவர்.

இந்தச் சமயம் பார்த்துத்தானா சிவகாமிக்கு மீன் தொட்டி வைக்க ஆசை வர வேண்டும்?

"செடிதாம்ப்பா முக்கியம். மீன் சும்மா தொணைக்கு இருக்கும். ரெண்டும் சேந்து இருந்தா தண்ணி கெடாது" என்றாள்.

செடிதானே என்று தலையாட்டிவிட்டேன்.

மூடிப்போன பலகாரக் கடையின் கண்ணாடிப் பெட்டி ஒன்று கிடைத்தது. முகப்பில் சிவப்புப் பெயிண்டில் 'சைவச் சிற்றுண்டி' என்று எழுதியிருந்தது. சுரண்டினோம்; போகவில்லை. மெழுகும் குங்கிலியமும் உருக்கி இடுக்குகளை அடைத்தோம். வெள்ளையாக இருக்கிறதே என்று தேவனாம்பட்டினம் கடற்கரை மணலைக் கொண்டுவந்து கொட்டினேன் — உப்பில் செடியெல்லாம் கீரை மசியல் ஆகிவிட்டது! அப்புறம் கெடிலம் ஆற்று மணல். என் மனைவி அதை அரிசி களைவதுபோல் களைந்து களைந்து போட்டாள். குளத்துச் செடியான வேலம்பாசியை நட்டால் மிதந்தது. நூலால் கூழாங்கல்லில் கட்டி நட்டோம். தண்ணீர் கலங்கியது, பச்சையானது, கடைசியில் ஒரு காலை... தெளிந்து நின்றது. உள்ளே ஒரு சின்னத் தோப்பு! கையிலிருந்த காபி ஆறியது தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்தது மீன். மீன் எங்கே கிடைக்கும்? மீன் கடையில்தானே! நெற்றி நிறைய விபூதி, மூக்கில் துண்டு... போய் நின்றேன்.

"சின்னதா... உயிரோட கிடைக்குமா அம்மா?"

மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எத்தினி பேருக்குக் கொழம்பு, சாமி?"

"குழம்புக்கு இல்லை. வளர்க்க."

"அடியே, இங்க வாங்கடி! சாமி மீனைத் தத்தெடுக்க வந்திருக்காரு! ஜாதகம் கொண்டாந்தீங்களா சாமி?"

மார்க்கெட்டே சிரித்தது. ஓடி வந்துவிட்டேன். கடைசியில் சிவகாமியே வாய்க்காலில் துண்டை விரித்து மூன்று குஞ்சுகளைப் பிடித்தாள். மல்லிகை அரும்பு நீளம் இருக்கும். என்ன மீன்? எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்! "வந்தவங்களப் பட்டினி போடலாமாங்க?" என்று என் மனைவி தயிர் சாதம் போட்டாள். தோப்பு மோரில் மூழ்கியது. மறுபடியும் தண்ணீர் மாற்றினோம்.

இதற்குள் நான் மீன் கடையில் நின்ற சேதி சிதம்பரம் போய்விட்டது. யுத்தம் வந்து பெட்ரோல் போனதிலிருந்து நம் பஸ்கள் கரியில் ஓடுகின்றன. வழியெல்லாம் நின்று மூச்சு வாங்குகின்றன. வம்பு மட்டும் எந்தப் பெட்ரோலில் ஓடுகிறதோ!

ஞாயிறு, உச்சி வெயில். ஜன்னலில் நின்ற சிவகாமி கத்தினாள்: "அப்பா, மாமா வராரு!"

தொட்டியைத் தூக்கி ஒளிக்க முடியாது. ஆனால் மீனை ஒளிக்கலாமே? காபி வடிகட்டும் துணியால் மூன்றையும் அள்ளி, ஒரு செம்புத் தண்ணீரில் விட்டு, ஜன்னல் மேடையில் வைத்து மூடினேன். வெறும் செடியைப் பார்த்து யார் என்ன சொல்ல முடியும்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மச்சான் வந்தார். முகமெல்லாம் பஸ் கரி. "மொதல்ல தண்ணி" என்றார்.

என் மனைவி சமையலறைக்குத் திரும்புவதற்குள் ஜன்னல் செம்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது. மூடியைத் தள்ளி எடுத்துவிட்டார். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பது நம் வழக்கம். ஆனால் மச்சான் அதில் உச்சம். செம்பை ஒரு முழ உயரத்தில் பிடித்து, கண்ணை மூடி, நேரே தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வார். பல்லில்கூடப் படாது.

கடகடகட... நடுவில் ஒரு சின்னக் 'களுக்'.

செம்பை இறக்கினார். நெஞ்சைத் தடவினார். "என்னம்மா போட்டிருக்கே தண்ணியில?"

"து... துளசி அண்ணே" என்றாள் என் மனைவி.

"துளசி துள்ளுமா?"

"புதுத் துளசிண்ணே. இப்பத்தான் பறிச்சது."

செம்பை வாங்கி உள்ளே பார்த்தேன். இரண்டுதான் இருந்தன.

மச்சான் உட்கார்ந்தார். தொட்டியைப் பார்த்தார். 'சைவச் சிற்றுண்டி'யை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஊர்ல கண்டபடி பேசறாங்க மாப்ளே. நேராவே கேக்கறேன். இந்த வீட்டுக்குள்ள மீன் வந்துதா?"

என் கண் அவர் வயிற்றை விட்டு நகர மறுத்தது. "வந்தது... வந்த எடத்துல இல்ல மச்சான்" என்றேன்.

சிவகாமியால் பொறுக்க முடியவில்லை. என் கையிலிருந்த செம்பை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். இரண்டும் பாசிக்குள் ஓடின.

"மீன்தான் மாமா. திங்க இல்ல, வளக்கறதுக்கு. பொய் சொல்லிட்டு உங்க வீட்ல வந்து தங்க எனக்கு இஷ்டமில்ல. மூணு இருந்துது."

"மூணா? ரெண்டுதானே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவர் பார்வை செம்புக்குப் போனது. செம்பிலிருந்து என் மனைவிக்கு. அங்கிருந்து தன் வயிற்றுக்கு.

என் பெண்ணின் காலேஜ் அந்தத் தொட்டியில் முங்கி முங்கி எழுந்தது. மீன் நுழைந்த வீட்டுப் பெண்ணை வீட்டில் சேர்க்கமாட்டேன் என்பாரா? அப்படியானால் மீன் நுழைந்த வயிற்றை எந்த வீட்டில் சேர்ப்பது? இந்தக் கேள்வி அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். வேர்த்துக் கொட்டியது.

"வெளியில... யாருக்காவது..."

"யாருக்கும் தெரியாது மாமா" என்றாள் சிவகாமி. பிறகு, ரொம்பப் பவ்யமாக: "உங்க வீட்டுக் கூடத்துல ஜன்னலோரம் எடம் இருக்குமா மாமா? தொட்டிக்கு வெளிச்சம் வேணும்."

மச்சான் ஒரு ஏப்பத்தை அடக்கிக்கொண்டார். "கெழக்குப் பாத்த ஜன்னல்... தேவலையா?"

உதட்டுக்கு அத்தனை காவல் போட்ட மனிதர், தொண்டையைத் திறந்துபோட்டுவிட்டார். நாம் எல்லோருமே இப்படித்தானோ?

அடுத்த வாரம் சிவகாமி தொட்டியோடு சிதம்பரம் போகிறாள். ஜன்னலோரம் மேஜைகூடப் போட்டாகிவிட்டதாம். மச்சான்தான் இப்போது செம்பைத் தொடுவதில்லை — தண்ணீர் குடிக்கக் கண்ணாடி டம்ளர் வாங்கியிருக்கிறார்!