எங்கள் வீட்டில் தொங்கிய பந்து

விளக்கெண்ணெயும் ஆட்டுக் கொழுப்பும் கலந்து, அதன்மேல் பழைய தோலின் வாடையும் வெயிலில் காய்ந்த மண்ணின் வாடையும் ஏறிய ஒரு வாசனை உண்டு. அதை முகர்ந்தவர்கள் எங்கள் ஊரில் என்னைத் தவிர யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அது எங்கள் ஊர்க் கால்பந்தின் வாசனை. எங்கள் வீட்டு நடுக்கூடத்து உத்தரத்தில் அடித்திருந்த இரும்புக் கொக்கியில், ஒரு கயிற்று உறியில் அந்தப் பந்து தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளில் உறியில் மோரும் வெண்ணெயும் இருக்கும். எங்கள் வீட்டில் உறியைப் பந்து பிடித்துக்கொண்டதால், அம்மா மோர்ப்பானையை எலிக்கும் பூனைக்கும் பயந்து இடம் மாற்றிக்கொண்டே இருப்பாள்.

அப்போது எங்கள் ஊர் சேலம் ஜில்லாவில் இருந்தது. தருமபுரியிலிருந்து பாலக்கோட்டுப் பக்கம் போகும் சின்ன ரயில் எங்கள் ஊரில் நிற்க மனமில்லாமல் நின்று போகும். ஊருக்கு ஒரே தோல்பந்துதான். அப்பா புளி மண்டியில் ஏஜெண்டு. அதோடு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே "புட்பால் கிளப்பு"க்குச் செகரட்டரி. செகரட்டரிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அவர் ஒரு வாரமும் தவறாமல் செய்த வேலை ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பந்தின் வாய்க்கட்டை அவிழ்த்து, உள்ளே இருக்கும் ரப்பர் பிளாடரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தோலை ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டுத் தையல் தையலாகத் தேய்ப்பார். அந்த நேரத்தில் யார் எது கேட்டாலும் "உம்" என்பதற்கு மேல் பதில் வராது.

எங்கள் ஊரில் யாரும் நேராக மைதானத்துக்குப் போவதில்லை. சாயங்காலமானால் ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் முதலில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள்; அப்பா உறியிலிருந்து பந்தை இறக்கிக் கொடுப்பார்; அதன் பின்னால் எல்லோரும் சேர்ந்து நடப்பார்கள். இதற்குப் "பந்தக் கூட்டிட்டுப் போறது" என்று பெயர், ஏதோ கல்யாணப் பெண்ணை அழைத்துப் போவது மாதிரி. கூடம் முழுக்க மண் கால்கள். "இது வூடா, சத்திரமா?" என்று அம்மா தினமும் கேட்பாள், கேட்டுக்கொண்டே செம்பு செம்பாகத் தண்ணீர் மொண்டு கொடுப்பாள். நான் ஒற்றைப் பெண் பிள்ளை. அந்தக் கூட்டத்தையே என் கூடப் பிறந்தவர்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்குத் தலைவர் என்றால் சவரிமுத்து மாமா. மாதா கோயில் தெருவில் சொந்தமாக மாட்டுவண்டி வைத்து ஓட்டியவர். அப்பாவுக்கு உயிர் நண்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை மாடு அவிழ்த்து மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி, முட்டுக்கொடுத்து, அதன்மேல் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு, தான் கீழே நின்று மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவார். அவர் மகள் லூர்துவும் நானும் அந்த வண்டியின் பின்புறத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்போம். லூர்துவை விட்டால் எனக்கு வேறு சிநேகிதி கிடையாது, தேவையாகவும் இருக்கவில்லை.

கிளப்பு அப்போது ஊர்க்காரர்கள் கையில் இல்லை. பந்து வாங்க வழியில்லாமல் கிடந்த ஒரு காலத்தில், புளி மண்டியை வாங்கிய இரண்டு அண்ணன் தம்பிகள் கிளப்பையும் மைதானத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இருந்தது சேலத்தில். ஒரு ஆட்டம்கூட வந்து பார்த்ததில்லை. ஆனால் உத்தரவு மட்டும் வந்துகொண்டே இருக்கும். பச்சை பனியனைக் காவி பனியனாக மாற்றச் சொன்னார்கள்; காவி நிறத்துத் துணி மலிவாக வந்ததாம். கிளப்பின் பழைய பெயரை எடுத்துவிட்டு மண்டியின் பெயரை வைத்தார்கள். ஓடினால் மூச்சு வாங்கும் மச்சினன் ஒருவனைச் சேலத்திலிருந்து ரயிலேற்றி அனுப்பி, கோல் அடிக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். ஒவ்வொரு உத்தரவையும் அப்பாதான் வண்டிமேல் நின்று சொல்ல வேண்டும். அவர் எப்போதும் "மொதலாளி சொல்றாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். கடைசியில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. தெருவில் போனால் சின்னப் பையன்கள்கூட, "அதோ மொதலாளி சொல்றாங்க வராரு" என்பார்கள். அப்பா அதைக் கேட்காதது மாதிரி நடப்பார். நான் கேட்டுக்கொண்டே நடப்பேன்.

இதையெல்லாம் ஊர் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்தது. பொறுக்காமல் போனது மாதன் விஷயத்தில். மாதன் வத்தல்மலைக்காரன். புளியும் கடுக்காயும் சுமந்து மண்டிக்கு இறங்கி வந்தவன், ஒருநாள் தன் பக்கம் உருண்டு வந்த பந்தை வெறுங்காலால் திருப்பி அடித்தான். அன்றிலிருந்து அவன் மலைக்குத் திரும்பும் நாட்கள் குறைந்துபோயின. அவன் பந்தோடு ஓடும்போது சவரிமுத்து மாமா டின்னைத் தட்ட மறந்து வாயைத் திறந்தபடி நிற்பார். அந்த மாதனை, தங்களுக்கு வேண்டிய பெரிய மில்காரர் ஒருவர் கேட்டார் என்று முதலாளிகள் அவருடைய டீமுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதனிடம்கூடக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டிமேல் எழுந்து நின்று, "மொதலாளி சொல்றாங்க..." என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. யாரோ ஒருவர் "எறங்கு!" என்றார். பிறகு எல்லோரும், "எறங்கு! எறங்கு!" வண்டி அதிர்ந்தது. லூர்து என் கையைப் பிடித்திருந்தாள்; பிறகு அவள் அப்பா கூட்டத்தோடு சேர்ந்து கத்துவதைப் பார்த்துவிட்டுக் கையை விட்டுவிட்டாள். அப்பா இறங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல ஆட்டத்தைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவர்மேல் கோபமாக இருந்தது, அவர்களைக் கடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் சவரிமுத்து மாமா நாற்காலியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, மாட்டைப் பூட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் பந்தைக் கூட்டிப் போக யாரும் வரவில்லை.

மழை பொய்த்த வருஷம் அது. ஊர் ஏரி கட்டாந்தரையாகக் கிடந்தது. அங்கே கந்தலைச் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டிய ஒரு பந்தை வைத்து ஊரே ஆட ஆரம்பித்தது. யுத்த காலமாதலால் ரப்பர் பிளாடருக்குத் தட்டுப்பாடு; புதுப்பந்து வாங்க முடியாது; இருந்த ஒரே பந்து எங்கள் உறியில் இருந்தது. யாரும் வராவிட்டால் முதலாளிகள் இறங்கி வருவார்கள், அதற்கு முன் அப்பா செகரட்டரி வேலையை விட்டு இறங்குவார் என்பது ஊர்க்காரர்கள் கணக்கு. பாவம், முதலாளிகளுக்கு விஷயமே தெரியாது. மைதானத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று சேலத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? அந்தக் கோபம் முழுவதும் எங்கள் தெருவரைக்கும் வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

அந்த ஞாயிறும் ஆட்டம் நடந்தது. மண்டியில் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு வழியில்லாமல் ஆடினார்கள். அப்பாவின் நாற்காலி வெறுந்தரையில் கிடந்தது. முன்பு மேலே ஏறினால்தான் தெரியும் என்றிருந்த ஆட்டம் இப்போது நன்றாகத் தெரிந்தது, மறைக்க ஆளில்லை. பக்கத்தில் நான் நின்றேன். மச்சினன் கோல் அடித்தான். யாரும் கைதட்டவில்லை. அதே நேரத்தில் ஏரிப்பக்கமிருந்து ஒரு பெருங்கூச்சலும் டின் சத்தமும் எழுந்தன. அப்பா தலையைத் திருப்பி அந்தத் திசையைப் பார்த்தார். "யாரு அடிச்சிருப்பாங்க?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

வீடு சுத்தமாகிவிட்டது. முதல் வாரம் அம்மா, "இப்பத்தான் வூடு வூடா இருக்குது" என்றாள். அடுத்த வாரம், தண்ணீர்ப் பானை நிறைந்தபடியே இருப்பதைப் பார்த்துவிட்டு மூடினாள். சாயங்காலங்களில் நான் கூடத்தில் உட்கார்ந்து உறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். லூர்துவை ஒருநாள் கிணற்றடியில் பார்த்தபோது, "எங்கப்பா உங்க வூட்டுக்குப் போக வேணாம்னுட்டாரு" என்றாள். சொல்லும்போது அவளுக்கும் அழுகை வந்தது என்றுதான் நம்புகிறேன். அப்பா மட்டும் வாரம் தவறாமல், யாரும் தேடி வராத பந்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அப்பா வாசலில் நின்று, தெருவில் வண்டியோட்டிப் போன சவரிமுத்து மாமாவைக் கைகாட்டி நிறுத்தினார். "சவரி, வந்துட்டுப் போயேன்" என்றார். மாமா இறங்கவில்லை.

"அண்ணா, அவங்க மாதன அனுப்பிச்சாங்க, அது அவங்க புத்தி. அதுக்கு உன்மேல கோவிச்சுக்கல. இத்தன வருஷத்துல ஒரு தடவையாச்சும் அவங்ககிட்ட இல்லேன்னு சொன்னியா?"

"மண்டியிலதான்டா நம்ம சோறு இருக்குது. சொன்னா வுடுவாங்களா?"

"சொல்லிப் பாத்தியா?"

மாமா மாட்டைத் தட்டினார். வண்டி போய்விட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் அழுதுகொண்டே, "செகரட்டரி வேல வேணாங்கப்பா, வுட்டுடுங்கப்பா" என்றேன். எனக்கு வேண்டியது லூர்து. வேண்டியது அந்த மண் கால்கள். அப்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நான் வுட்டுட்டா பந்துக்கு யாரு கண்ணு எண்ணெ போடுவாங்க?" என்று கேட்டார். உண்மையாகவே அதுதான் அவர் கவலை. அவருக்கு நாற்காலிமேலும் கொஞ்சம் ஆசை இருந்தது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பந்துமேல் இருந்த ஆசை அதைவிடப் பெரிது.

கோடை முடிகிற சமயத்தில் அப்பாவைச் சேலத்துக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். மைதானத்துக்கு முள்வேலி போட்டுப் புளி காயவைக்கப் போகிறார்களாம். இனி கிளப்பு கிடையாதாம். பந்தைப் பெரிய முதலாளியின் பேரனுக்கு அனுப்பிவிடச் சொன்னார்களாம்.

"என்ன சொன்னீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லேன்னுட்டேன்."

"எதுக்கு? மைதானத்துக்கா?"

"பந்துக்கு."

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, அவங்க என்னாங்க சொன்னாங்க?"

"சரி, வுடுன்னாங்க." அப்பா அதையே மறுபடியும் சொன்னார்: "சரி, வுடு. அவ்வளவுதான். வேற எதுவும் சொல்லல."

அவர் முகம் அன்று இருந்ததைப் போல நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வேலை போகவில்லை என்ற சந்தோஷம் அதில் துளியும் இல்லை. பனியனுக்கு, பெயருக்கு, மச்சினனுக்கு, மாதனுக்கு என்று ஒவ்வொன்றாக அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். மாதன் விஷயத்திலும் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர்கள் இப்படி விட்டிருப்பார்களா? எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, அதுதான் அவரைத் தின்றது.

எழுந்து உறியிலிருந்து பந்தை எடுத்தார். "வா கண்ணு" என்று என்னைக் கூப்பிட்டார். அந்த ஊரில் பந்தை இரண்டே பேர் கூட்டிக்கொண்டு போனது அன்றுதான். ஏரிக்கரை ஏறி இறங்கியதும் ஆட்டம் நின்றது. அப்பா பந்தைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார். கூட்டத்திலிருந்து ஒருவன், "மொதலாளி சொன்னாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லப்பா. நானேதான் கொண்டாந்தேன்" என்றார் அப்பா.

சவரிமுத்து மாமா மட்டும் சிரிக்கவில்லை. பந்தைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். "எண்ணெ போட்டுத்தான் வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு பந்தை உயரே உதைத்தார். கூட்டம் கத்திய கத்தலில் காக்கைகள் கரையைவிட்டு எழுந்தன. நானும் கத்தினேன். எல்லாம் சரியாகிவிட்டது, நாளைக்கு எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள், அம்மாவிடம் பானையை நிரப்பி வைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்பா கரைமேல் தனியாக நின்றார். உட்காருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இருட்டியதும் அப்பா பந்துக்காகக் கையை நீட்டினார். மாமா அதை லூர்துவிடம் கொடுத்தார். "பந்து எங்க வூட்டுலயே இருக்கட்டுங்க" என்றார்.

"சரி" என்றார் அப்பா.

மறுநாள் முதல் மண் கால்களெல்லாம் மாதா கோயில் தெருவுக்குப் போயின. அவர்கள் எங்களைத் தேடி வந்ததில்லை, பந்தைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. லூர்துவோடு மறுபடியும் விளையாடப் போக அனுமதி கிடைத்தது. ஆனால் நான் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைப் போல ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டேன். பந்து அங்கே ஆணியில் தொங்கியது. எண்ணெய் காணாமல் தையலோரம் வெளுத்துக்கொண்டு வந்தது. நான் அதைத் தொட்டுப் பார்ப்பேன். வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார். பிறகு விட்டுவிடுவார்.

மழை வந்து ஏரி நிரம்பியது. மைதானத்தில் வேலிக்குள் புளி காய்ந்தது. அறுவடை முடிந்த வயல்களில் கொஞ்ச நாள் ஆடினார்கள். ஒருநாள் தோல் வெடித்து, பிளாடரும் போயிற்று. அந்த யுத்தத்திலேயே ரயில் தண்டவாளங்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்த இரண்டு முதலாளிகளையும் நான் கடைசிவரை பார்த்ததே இல்லை.

இப்போது அதே வீட்டில் தனியாக இருக்கிறேன். ஏரி இருந்த இடத்தில் தக்காளி லாரிகள் நிற்கின்றன. உத்தரத்துக் கொக்கியில் மின்விசிறி தொங்குகிறது. அவ்வளவு உறுதியான கொக்கியை யார் அடித்தது என்று மாட்ட வந்த பையன் கேட்டான். பக்கத்து வீட்டுப் பெண் காலேஜ் டீமில் புட்பால் ஆடுகிறாள். டியூஷனுக்குப் போகும் நாட்களில், "பந்து இங்க இருக்கட்டும் ஆயா" என்று என் கூடத்தில் உருட்டிவிட்டுப் போவாள். பளபளவென்று இருக்கிறது. இதற்கு எண்ணெய் போட வேண்டாமா என்று கேட்டேன், சிரித்தாள்.

அவள் போன பிறகு பந்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து என் வலது உள்ளங்கையை முகர்ந்து பார்க்கிறேன். ஒரு வாசனையும் இல்லை. அப்பா பிடித்துப் பார்த்த கை இதுதான்.