எலிகளிடம் மன்னிப்புக் கேட்டவர்

எங்கள் தீவில் ராணுவப் புரட்சி நடந்த அடுத்த வாரம், தவுவாவிலிருந்து லவுடோகா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒல்லியான விஞ்ஞானி ஒருவர் எலிக்கூண்டோடு உட்கார்ந்திருந்தார். அடிக்கடி குனிந்து எலிகளிடம், "மன்னிச்சிடுங்கப்பா" என்றார்.

வழிமறித்து ஏறிய சிப்பாய் கூண்டைத் துப்பாக்கியால் தட்டி, "இது எதுக்கு?" என்று எங்களுக்குப் புரிகிற ஹிந்தியில் அதட்டினான்.

"ஆராய்ச்சிக்கு, சார். விதையை அறுத்துட்டா ஆண் ஹார்மோன் குறைஞ்சிடும். அப்புறம் புராஸ்டேட் சுரப்பி துத்தநாகத்தைச் சரியா இழுக்காது. ஹார்மோன் ஊசி போட்டா மறுபடி இழுக்கும்."

"யார் அறுக்கிறது?"

"நான்தான். கத்தி பையில இருக்கு, காட்டட்டுமா?"

சிப்பாய் துப்பாக்கியை இடுப்புக்குக் கீழே அணைத்துக்கொண்டு இறங்கிப் போனான். நானும் சட்டென்று கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"அறுத்ததுக்கா மன்னிப்பு?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. இவங்களை லவுடோகாவுல நடபுவா பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நாட்டை விட்டே போறேன். எனக்கு வெளிநாட்டு விசா வந்துடுச்சு, இவங்களுக்கு வரல்ல."