முந்தின பக்கத்தில் இருந்த சாட்சி

வாலாஜாபாத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தும் என் புருஷன், அறுப்பின் பண்டிகையன்று உத்திரமேரூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் ஆலயத்துக்கு வந்தான். தலையில் பெரிய நெற்கட்டு. எங்களுக்குக் கல்யாணம் நடந்த அதே பீடத்தில் அதை இறக்கிவைத்து, முழங்கால் போட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

"பாவம், எப்டி அழுவுறாரு பாரு!" என்றாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். என் கல்யாணத்தில் வயிறாரப் பிரியாணி தின்றவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போதகர் வழக்கம்போல மல்கியா தீர்க்கதரிசியின் காணிக்கை வசனத்தை வாசித்தார். அந்தத் தீர்க்கதரிசி காணிக்கைக்காகத்தான் பேசினார் என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன். எரிச்சலில் வேதாகமத்தைப் புரட்டினேன். முந்தின பக்கத்தில், பீடத்தைக் கண்ணீரால் நனைக்கிறவர்களை அதே தீர்க்கதரிசி வெளுத்து வாங்கியிருந்தார். இளவயதில் கைப்பிடித்த மனைவிக்குத் துரோகம் செய்தவன் கொண்டுவருவதைக் கர்த்தர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாராம். அந்த உடன்படிக்கைக்கு அவரே சாட்சியாம்.

எழுந்து போய் நெற்கட்டைத் தூக்கினேன். வாசலில் நின்ற அவனுடைய வண்டிமேல் கொண்டுபோய் வைத்தேன். கீழே எறிய, நெல் என்ன பாவம் செய்தது?

"இன்னாமா பண்ற? அது கர்த்தருக்குக் குடுத்தது!" என்று போதகர் பதறினார்.

"அவருதான் வேணாம்னு சொல்லிக்கீறாரு ஐயா. ஒரு பக்கம் முன்னாடி படிங்க."

அவர் படிக்கவில்லை. என் புருஷனின் அழுகை மட்டும் சட்டென்று நின்றது.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். எனக்காக ஒரு சாட்சி எப்போதோ பேசிவிட்டிருந்தார். நான்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.