நாலாவது தட்டில் ஒரு ஜோடி

நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. இடது குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. வலது வார் அறுந்த இடத்தை ஓர் ஊக்கு கோத்துப் பிடித்திருந்தது. ஒரகடத்தில் நான் வேலை பார்த்த மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலையில், பெண்கள் வாசலின் செருப்பு அலமாரியில், கீழிருந்து நாலாவது தட்டில் அது நின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கூட வேலை செய்தவர்களின் முகங்களில் பாதி மறந்துவிட்டது. அந்த ஊக்கு மறக்கவில்லை.

நான் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று கணக்கு வைப்பது என் வேலை. வேலையால் வந்த பழக்கமா, பிறவிக் குணமா தெரியாது, எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் எத்தனை பேர் என்று எண்ணுவேன், பிறகு அதில் எத்தனை பேர் வயதானவருக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள் என்று எண்ணுவேன். இரண்டாவது எண் வருடாவருடம் குறைந்துகொண்டே வருகிறது. எண்ணுகிறவனுக்குச் சந்தேகமும் கூடவே வரும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றும். ஒத்துப்போனால், யாரோ ஒத்துப்போக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

பெண்கள் வாசலில் ஒரு செக்யூரிட்டி அம்மா இருந்தார். ஐம்பதை நெருங்கியவர். பக்கத்துக் கிராமத்துக்காரர். புடவைக்கு மேல் ஆண்கள் அளவில் தைத்த காக்கிச் சட்டை, அதன் கழுத்துக்குள் ஒளிந்துகொள்ளும் மெல்லிய வெள்ளிச் சிலுவை. உற்பத்தி லைனில் தூசு போகக்கூடாது என்பதால் பெண்கள் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பெனி ஷூ போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். ஷிப்ட் முடிந்ததும் ஷூவைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அந்த நேரத்தில் அந்த அம்மா அலமாரிப் பக்கம் திரும்பி நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். பெண்கள் கிண்டல் செய்வார்கள். “இன்னாக்கா, எங்களுக்காக ஜெபமா?” என்று ஒருத்தி கேட்டபோது, “பின்ன? சீட்டுக்கு அட்ச்சிக்காம போய்ச் சேரணுமே நீங்க” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்த மாதத்தில் மூன்று முறை பஸ் தாமதமாகக் கிளம்பியது. ஆறு நிமிடம், நாலு நிமிடம், ஒன்பது நிமிடம். மூன்று முறையும் அவர்தான் கேட்டைத் திறக்காமல் நிறுத்தியிருந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பஸ்ஸில் அவருக்கு வேண்டியவர்கள் யாரோ வருகிறார்கள், அவர்களுக்காகத்தான் நிறுத்துகிறார் என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பணி நேரத்தில் ஜெபம் செய்கிறார், பஸ்ஸைக் காரணமில்லாமல் தாமதப்படுத்துகிறார் என்று ஒரு செவ்வாய்க்கிழமை எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே முக்கால் மணி. காலை ஷிப்ட் முடிந்து பஸ்கள் வரிசையில் நின்றன. என் திரையில் பெண்கள் கணக்கு நேராக இருந்தது. உள்ளே போனவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு, அட்டையைத் தேய்த்து வெளியே வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. ஆனால் கேட் திறக்கவில்லை. ஹார்ன் சத்தம் கேட்டு வெளியே போனேன். அந்த அம்மா முதல் பஸ்ஸின் முன்னால் நின்றிருந்தார். டிரைவர் திட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அகப்பட்டுக்கொண்டார் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை இப்போது மறைத்துப் பயனில்லை.

எல்லாரும் வந்தாயிற்று, மெஷின் சொல்கிறது, கேட்டைத் திறங்கள் என்றேன். அவர் நகரவில்லை. அலமாரியைக் கை காட்டினார்.

“நாலாவது தட்டுல நீல வார் ஒண்ணு நிக்கிது சார். செருப்பு இங்க கீது. கால் எங்க?”

யாராவது பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள் என்றேன்.

“ஊக்கு குத்தி வச்சிக்கிறா சார். வேற இருந்தா எதுக்கு ஊக்கு குத்துறா?”

அவர் பஸ்ஸில் ஏறி ஊக்குச் செருப்பு யாருடையது என்று கேட்டார். மூன்றாவது பஸ்ஸின் பின் வரிசையில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். “நீ முன்னாடி போய் சீட் புடி, என் அட்டையையும் சேத்துத் தேச்சிடு, பின்னாலயே வந்துடுறேன்” என்று தோழி கொடுத்துவிட்டாளாம். இவள் இரண்டு அட்டையையும் தேய்த்துவிட்டு, இரண்டு பேர் இடத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோழி வேறு பஸ்ஸில் ஏறியிருப்பாள் என்று நினைத்தாளாம்.

அந்தத் தோழி உடை மாற்றும் அறைக்குப் பின்னாலிருந்த கழிவறையில் விழுந்து கிடந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் காதுவரை வழிந்து உறைந்திருந்தது. முந்தின நாள் ஓவர்டைம். அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அடுத்த ஷிப்டில் பெண்கள் இல்லை, அந்தப் பகுதியைத் திறப்பதில்லை. கேட்டைத் திறந்திருந்தால், மறுநாள் காலைவரை ஒருவரும் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டார்கள். என் கணக்கில் அவள் இரண்டு முப்பத்து நாலுக்கு வீட்டுக்குப் போனவள். செக்யூரிட்டி அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அப்போது செய்தது ஜெபமாகவே இருக்கலாம்.

அவர் தினமும் எண்ணிக்கொண்டிருந்தது செருப்புகளை. முன்பு மூன்று முறை பஸ் நின்றதும் அதற்காகத்தான். யாரோ ஒருத்தி உள்ளே தாமதித்திருக்கிறாள், வந்து சேர்ந்ததும் கேட் திறந்திருக்கிறது. இதைச் செய் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, எந்தப் பதிவேட்டிலும் அதற்கு ஒரு பத்தி இல்லை.

நான் எழுதிக் கொடுத்த கடிதம் மட்டும் கோப்பில் இருந்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு இருபத்தாறு நாட்கள் இருந்தன. இன்று, நாளை என்று தள்ளினேன். எழுதியதை வாபஸ் வாங்கினால் என் மற்ற கணக்குகளையும் சந்தேகப்படுவார்களே என்று பயம். இருபத்தேழாம் நாள் செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றினார்கள். பழையவர்களில் சிலரை வைத்துக்கொண்டார்கள், சிலரை வேண்டாம் என்றார்கள். அவரை வேண்டாம் என்றதற்கு என் கடிதம்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று ஒரு நாளும் நம்ப முடிந்ததில்லை. அவர் தன் செருப்பை எங்கே கழற்றி வைப்பார் என்பதைக்கூட நான் கவனித்ததில்லை.

இப்போது தண்டலத்துக்கு அருகே சொந்த வீட்டில் இருக்கிறேன். கீழே நான், மாடியில் கம்பெனிகளுக்குப் போகும் ஆறு பேர். பதினேழு படிகள். மேல்படிக்குப் பக்கத்தில் செருப்புகள். போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை ஏழு ஜோடி இருந்தது. ஆறு பேர் என்று சொல்லிவிட்டு ஏழாவது ஆளைத் திணித்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். சத்தம் போடாமல் கவனித்தேன். மற்றச் செருப்புகள் ஷிப்டுக்கு ஷிப்ட் போய் வந்தன. பழுப்பு வார் வைத்த ஒன்று மட்டும் திங்கள் நகரவில்லை, செவ்வாய் நகரவில்லை, புதன் நகரவில்லை. டைரியில் எழுதிவைத்தேன். ஏழாவது ஆள் பகலில் வெளியே வராமல் ஒளிந்திருக்கிறான், இதுதான் ஆதாரம். வியாழன் காலை கையும் களவுமாகப் பிடிக்க ஏறினேன்.

பல் விளக்கிக்கொண்டிருந்தவன் ஏழாவது ஆள் யாருமில்லை என்றான். ஒருவன் புதுச் செருப்பு வாங்கிப் பழையதையும் மாற்றி மாற்றிப் போடுகிறான், அதனால் ஏழு. பழுப்பு வார் யாருடையது என்று கேட்டேன்.

“அது சங்கரன்கோயில்காரன் செருப்பு சார். பேரு தெரியாது, அவன் வேற ஷிப்டுல்லா. ஊருக்குப் போயிருப்பாம்னு நெனச்சேன்.”

நாலு மாதமாக ஒரே கூரை. அவன் தனியாகப் படுக்கும் உள் அறைக் கதவைத் தள்ளினேன். பாயில் கிடந்தான். உடம்பு கொதித்தது, உதடுகள் வெடித்திருந்தன. தலைமாட்டில் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. தண்ணீர் என்று சொல்லக்கூட அவனுக்குக் குரல் இல்லை.

ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது, மற்ற ஐந்து பேரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். என்ன மனிதர்கள், என்ன காலம் இது என்று. ஆஸ்பத்திரி வாசலில்தான் உறைத்தது. அந்த ஐந்து பேருக்கும் அவன் வெளியே போகவில்லை என்பது தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று நாள் தெரியும், தேதியோடு தெரியும். அந்த அம்மாவும் நானும் ஒரே மாதிரி எண்ணியிருக்கிறோம். நகராத ஒரு ஜோடியைப் பார்த்து, கால் எங்கே என்று அவர் கேட்டார். எவன் ஏமாற்றுகிறான் என்று நான் கேட்டேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

அவன் பிழைத்தான். ஊரிலிருந்து அவன் அம்மா வந்து அழைத்துப் போனாள். பழுப்பு வார்ச் செருப்பைப் பையில் போட்டு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது தினமும் காலையில் பதினேழு படி ஏறி எண்ணுகிறேன். ஒரு நாள் முழுக்க நகராத ஜோடி இருந்தால் தட்டுகிறேன். பையன்களுக்கு இது பிடிக்கவில்லை. பெரியவர் நம்மைக் காலி செய்ய வேவு பார்க்கிறார் என்று பேசிக்கொள்வது என் காதில் விழுகிறது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

இன்று காலை ஐந்து ஜோடி போயிருந்தன. நேற்று நின்ற இடத்திலேயே ஒன்று மட்டும் நின்றது. புதுச் செருப்பு, வார் அறாதது, ஊக்குக்கு அவசியமில்லாதது. தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன்.

“லீவு சார், தூங்க உடுங்க” என்று உள்ளிருந்து எரிச்சலாக ஒரு குரல் வந்தது.

கால் இருந்தது. இறங்கி வந்தேன்.