திரும்பி நின்ற வாத்தியார்

சூலக்கரையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரமாகப் பார்த்து, பயிற்சி நடத்த வந்தவர் ஒவ்வொருவராக எழுப்பி, உங்கள் கற்பித்தல் தத்துவம் என்ன, இரண்டே வரியில் சொல்லுங்கள் என்றார். தூக்கம் பறந்துவிட்டது. எனக்கு முன்னால் எழுந்தவர்கள் நன்றாகத்தான் சொன்னார்கள். ஒருவர் விதை என்றார், இன்னொருவர் விளக்கு என்றார், சிவகாசிக்காரர் ஒருவர் திரி என்றார். என் முறை வந்தது. பிள்ளை கணக்குப் போடும்போது நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன் என்றேன். கூடமே சிரித்தது. எங்கள் பள்ளியில் அப்படித் திரும்பி நின்றால் பெஞ்சே மிஞ்சாது என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அம்மா மொபெட் ஓட்டப் பழகிய கதையைச் சொன்னால்தான் அது விளங்கும். அதற்கு இரண்டு வரி எங்கே போதும்?

அப்போது நான் நாலாம் வகுப்பு. வீடு திருத்தங்கலில். அப்பா கணக்கு வாத்தியார், அம்மா நர்ஸ். ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் மாசமாக இருக்கிற பெண்களைப் பார்ப்பதும் அம்மாவின் வேலை. அந்த வருஷம் அம்மாவை வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். காலையில் ஒரு பஸ் போகும், சாயங்காலம் ஒரு பஸ் வரும், நடுவில் கிராமங்களைச் சுற்றிவர ஒன்றும் கிடையாது. வண்டி ஓட்டப் பழகினால் வேலை, இல்லாவிட்டால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம், ஒரு சம்பளம் போதாதா, எதற்கு இந்த அலைச்சல் என்று காபியை ஆற்றிக்கொண்டே கேட்பார். அவர் போன பிறகு அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். அந்த வேலை என்றால் அம்மாவுக்கு உயிர். வேலைக்குக் கட்டிப் போகிற சேலைக்கு அவளே கஞ்சி போட்டு அவளே தேய்ப்பாள், வேறு யாரையும் தொட விட மாட்டாள்.

வாத்தியார் வீட்டில் இருக்கும்போது வெளியாளிடம் போய்ப் பழகுவதாவது! அப்பா பழைய மொபெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கி வந்தவுடன் ஓட்டச் சொல்லிவிடவில்லை. வீட்டுச் சுவரில் எனக்காக அடித்திருந்த கரும்பலகையில் வண்டியைப் படமாக வரைந்து, பாகங்களைக் குறித்து, மூன்று நாள் பாடம் நடத்தினார். பிறகு கேள்வி கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஒரு சொலவடை உண்டு, அந்தப் பொறுப்பை நான் பார்த்துக்கொண்டிருந்ததால், வாத்தியார் பெண்டாட்டி கெட்டிக்காரி என்பதில் அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்த சமயம் அது. சீசன் நாளில் லோடு லாரி ஓயாத ரோட்டில் அப்போது ஆடு மட்டும்தான் போகும். ஊருக்கு வெளியே ஒரு கம்பெனிக்குப் போகும் அப்படிப்பட்ட ரோடு ஒன்றை அப்பா பிடித்து வைத்திருந்தார். நேராகப் போய், கம்பெனியின் மதில் முடிகிற இடத்தில் வளைந்து, அணைப் பக்கமாக இறங்கும். கம்பெனி திறந்துவிட்டால் லாரி வந்துவிடும், அதற்குள் பழகிவிட வேண்டும். சாயங்காலமானால் மூன்று பேரும் கிளம்பிவிடுவோம். ஆடு வந்தால் சத்தம் கொடுப்பது என் வேலை.

அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம். பிள்ளைகள் கணக்குப் போடும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று நோட்டை எட்டிப் பார்ப்பார். தப்பு வரப்போகிறது என்று தெரிந்தால், அது வருவதற்கு முன்னாலேயே "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" கேட்டால் தெரிந்த கணக்கும் மறந்துபோகும் என்று பெரிய வகுப்பு அக்காமார் சொல்வார்கள். அம்மாவுக்கும் அதே வைத்தியம்தான். வண்டியின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பார்வை நேரே, தோளைத் தளர விடு, பிரேக்கைப் பிடிக்காதே, பிரேக்கைப் பிடி என்று ஓடிய ஓட்டத்தில் பாடமும் நடந்தது. அம்மா நேராகச் சீமைக்கருவேல முள்ளுக்குள் போய் இறங்கினாள். மறுநாளும் முள். அதற்கு மறுநாள் வேறு முள். வீட்டுக்கு வந்து தன் காலில் தைத்ததைத் தானே ஊசியால் குத்தி எடுத்துக்கொள்வாள். வீல் வீலென்று கத்துகிற குழந்தைக்குக் கை நடுங்காமல் ஊசி போடுகிறவள், அந்த வண்டியில் ஏறியதும் மரக்கட்டை மாதிரி விறைத்துப்போவாள். அப்பாவின் குரலும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள், இது ஒரு கம்பசூத்திரமா என்று கத்தியேவிட்டார். அம்மா வண்டியை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். ராத்திரி சாப்பாட்டில், பெரியப்பா சொன்னது சரிதான், நான் எழுதிக் கொடுத்துடறேன் என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். அப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் சாயங்காலம் அம்மாவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, வாங்க போவோம் என்றாள். ரோட்டுக்குப் போனதும் அப்பா வழக்கம்போலக் கேரியரைப் பிடித்தார். அம்மா அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"ஏங்க, ஊசி போடுறப்ப பிள்ளையோட அப்பாவ நான் என்ன சொல்லுவேன்? அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கம்பேன். அவுக பதறுறதப் பாத்துத்தான் பிள்ளை பதறும். நீங்களும் அங்கன திரும்பி நில்லுங்க. நான் கூப்பிடுற வரைக்கும் பாக்கக் கூடாது."

"விழுந்துட்டா?"

"விழுந்தா எந்திரிச்சுக்கிடுறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கம்பெனி மதிலைப் பார்த்து நின்றுகொண்டார். வீட்டுப் பாடம் செய்யாத பையன்களை அவர் அப்படித்தான் நிறுத்துவார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் சிரிப்பு அடங்கிவிட்டது.

வண்டி கிளம்பியது. கொஞ்சம் தள்ளாடியது, நிமிர்ந்தது, போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதில் முடிகிற வளைவில் அம்மா மறைந்தாள். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது.

"அப்பா, சத்தம் நின்னுருச்சுப்பா."

"கேட்டுச்சு."

அவ்வளவுதான், திரும்பவில்லை. நான் கையை இழுத்தேன். அம்மாவைக் காணோம், போய்ப் பாருங்கள் என்றேன். அணையில் அப்போது தண்ணீர் நிறையக் கிடந்தது. அம்மா வண்டியோடு அதற்குள் போய்விட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். அழ ஆரம்பித்தேன். அப்பாவின் வாய் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஜெபமா, வாய்ப்பாடா தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. திரும்புங்கப்பா என்று அவர் வேட்டியைப் பிடித்து உலுக்கினேன்.

"அம்மா இன்னும் கூப்பிடலையே பாப்பா" என்றார்.

எவ்வளவு நேரம் நின்றோமோ, எனக்கு ஒரு யுகம். பிறகு தூரத்தில் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. வளைவில் அம்மா வந்தாள். ஆத்தாடி, அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் அதுவரை பார்த்ததே இல்லை. செருகின முந்தானை அவிழ்ந்து பின்னால் பறக்கிறது, அதை இழுத்துவிடக்கூடத் தோன்றாமல், வாயெல்லாம் பல்லாக, ரோடு முழுவதும் தனக்கே எழுதி வைத்தது போல வந்தாள். எங்கள் பக்கத்தில் வந்து பிரேக் பிடித்து, காலை ஊன்றி நின்று, மூச்சு வாங்கிய பிறகுதான், இப்பத் திரும்புங்க என்றாள்.

அப்பா திரும்பினார். அம்மாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். வண்டி நடுவில் நின்றுபோனதையும், தானே மிதித்துக் கிளப்பியதையும், அணை வரைக்கும் போய்த் திரும்பியதையும் அம்மா ஒரே மூச்சில் சொன்னாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செயினுக்கு எண்ணெய் விடணும் என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அம்மாவே வீட்டுக்கு ஓட்டினாள். அப்பா நடந்து வருவதாகச் சொல்லிவிட்டார். பாதி தூரம் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கோள் சொன்னேன்.

"அம்மா, நீ விழுந்துட்டன்னு நான் அம்புட்டு அழுதேன். அப்பா ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல, தெரியுமா?"

அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். நெசமாவா, சத்தம் நின்னப்பக்கூடவா என்று கேட்டாள். சத்தியமாம்மா, நான் எவ்வளவு இழுத்தும் பாக்கல என்றேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்கக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பாவம் அம்மா, கல்நெஞ்சக்காரரைக் கட்டிக்கொண்டு கஷ்டப்படுகிறாள் என்று எனக்கும் அழுகை வந்தது. இனி இந்த மனுஷரோடு பேசுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

அப்பா புழுதிக் காலோடு வந்து சேர்ந்தபோது அம்மா அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே புது இடத்தில் வேலையில் சேர்ந்துவிடப் போவதாகப் பெரியப்பாவிடம் யார் சொல்வது என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா கால் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அடுப்படியை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, என் காதோரம் குனிந்து, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"பாப்பா, அந்த வளைவுல வர்றப்ப அம்மா எப்படி வந்தா? சொல்லு."

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் கேள்வி கேட்ட மனுஷர், பதில் தெரியாமல் அப்படி ஆசையாகக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்குப் பதில் தெரியும். பறந்த முந்தானை, சிரித்த வாய், எல்லாம் கண்ணிலேயே நின்றது. அந்த ரோட்டில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

"நீங்கதான் பாக்கலையே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. சரியான தண்டனை கொடுத்துவிட்டேன் என்ற திருப்தியில் நான் அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டினேன்.