மேடம் கூட்டிக்கொண்ட ஓர் அடி

மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கும். அதில் நான்கு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை ஸ்டிக்கர் பொட்டுகள். ஆவடியில் எங்கள் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை உற்பத்திக் கணக்கு என்றே நினைப்பார்கள். உண்மையில் அது ஞாயிறு காலைகளில் நாங்கள் நால்வரும் ஆடிய கோல்ஃபின் கணக்கு. நான்கு அடியில் குழிக்குள் போட வேண்டிய பந்தை மூன்றே அடியில் போட்டுவிட்டால் அது பேர்டி. ஒரு பேர்டிக்கு ஒரு பொட்டு. வருடக் கடைசியில் அதிகப் பொட்டு வைத்திருப்பவருக்கு மற்றவர்கள் பிரியாணி வாங்கித் தர வேண்டும்.

மேடம் எங்கள் பிரிவின் தலைவர், தூத்துக்குடிப் பக்கம். துப்பட்டாவால் தொப்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட வருவார்.

அந்த டிசம்பரின் கடைசி ஞாயிறு எனக்குப் பன்னிரண்டு பொட்டு, அவருக்குப் பதினொன்று. கடைசிக் குழிக்கு அவர் அடித்த முதல் அடி கருவேலம் புதருக்குள் போனது. தனியாக உள்ளே போனார். சற்று நேரத்தில் பந்து பறந்து வந்து குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. அடுத்த அடியில் குழிக்குள். பேர்டி என்று கைதட்டினோம். அவர் தலையை ஆட்டினார்.

"நாலு. கிளையை ஒதுக்கும்போது பந்து அசைஞ்சிடுச்சு. அதுக்கு அபராதம் ஒண்ணு."

எங்களோடு ஆடும் ஸ்டோர்ஸ் அண்ணன் பதறினார். "இன்னா மேடம், யாரு பாத்தா? உடுங்க!"

"நான் பார்த்தேன்ல."

நான் ஜெயித்தேன். அடுத்த வாரமே, என் பதவி உயர்வுக் குறிப்பில் "இன்னும் ஓராண்டு பொறுக்கலாம்" என்று அவர் எழுதியிருப்பது தெரிந்தது. கள்ளிக்குப்பம் வீட்டில் மனைவியிடம் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்படி எழுதியதற்குப் பரிகாரமாகத்தான் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாரோ என்று கோபப்பட்டேன். தன் பந்தையே மன்னிக்காதவர் என்னை எப்படி மன்னிப்பார் என்று சில நாள் மெச்சிக்கொண்டேன். இரண்டில் எதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை.

மறு வருடம் பதவி உயர்வு வந்தது. அதே மாதம் அவர் ஓய்வு பெற்றார். விழா முடிந்து மாலைகள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு கேட்டுக்கு நடந்தபோது கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நிஜமாவே பந்து அசைஞ்சுதா மேடம்?"

நின்றார். "அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. நிச்சயமாத் தெரியலப்பா. சந்தேகம்னா ஒண்ணு கூட்டிக்கிடுவேன்."

"என் விஷயத்துலயும் சந்தேகம்தானா?"

"ஆமா. அது தப்பாக்கூட இருந்திருக்கலாம்."

கோபப்படுவதா, அந்த ஒப்புதலுக்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் பையை ஆட்டோவில் வைத்தேன். "ஞாயித்துக்கிழமை வருவியா?" என்றார். வருகிறேன் என்றுதான் வாயில் வந்தது.

இன்றும் மேனாம்பேட்டிலிருந்து அவர் ஸ்கூட்டரில் வருகிறார், நானும் போகிறேன். அவர் தன் அடிகளை எண்ணிச் சொல்லும்போது மட்டும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.