பாதிப் போத்தல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் மாடு இருமினால் ஜெயகுமாரைத்தான் கூப்பிடுவோம். பசறை டவுனில் வாங்கிய ஊசி மருந்து ஒரு போத்தல் எப்போதும் அவனிடம் இருக்கும். ஐந்து நாள் போட வேண்டியதை இரண்டே நாள் போடுவான். மாடு புல்லைக் கடித்துவிட்டால் போதும், மிச்சத்தை அடுத்த வீட்டு மாட்டுக்கு எடுத்து வைத்துவிடுவான். மீன்கறியைப் பங்கு போடுவது போல மருந்தையும் பங்கு போட்டோம். மனசு நல்ல மனசுதான், புத்திதான் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவன் பெண்டாட்டி நிரஞ்சலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருஷம். வீட்டில் சினையாக இருந்த சிவப்பி மாடு கன்று போட்டுப் பால் கறந்தால் தைப்பொங்கலோடு வந்துவிடுவேன், திரும்பிப் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். மனுஷன் அந்த மாட்டின் வயிற்றைத் தடவித் தடவியே நாளை ஓட்டினான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் என்னை நிறுத்தி, "பெரியாயி அக்கா, அவ வந்தா இந்த வாசல்ல நின்னுதான் தலை சீவுவா, பாருங்க" என்பான். கேட்கிற எனக்கே ஏக்கமாகிவிடும்.

ஆடியில் சிவப்பி இருமியது. இரண்டு ஊசியில் தேறியது. அதே வாரம் என் மாடும் இருமியது. மிச்சப் போத்தலைக் கேட்டு வாங்கியவள் நான்தான். என் மாடு பிழைத்துக்கொண்டது.

ஐப்பசி மழையில் சிவப்பிக்கு மறுபடியும் காய்ச்சல். மூக்கில் கெட்டிச் சளி, மூச்சு விட முடியவில்லை. பழைய மருந்தையே போட்டான், கேட்கவில்லை. பிறகுதான் பதுளையிலிருந்து மிருக வைத்தியர் ஷிஹானாவைக் கூப்பிட்டோம். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! அவர் வேறு ஊசி போட்டு, மூக்குச் சளியைச் சோதனைக்கு எடுத்துப் போனார். நாலாம் நாள் முடிவோடு வந்தார்.

"பாதி மருந்துல எல்லாக் கிருமியும் சாகாது. தப்பினதுதான் இப்ப பெருகி நிக்கிது. மூணு மருந்து இதுக்கு வேலையே செய்யாது. நான் போட்டதும் அதுல ஒண்ணு" என்றார். வேலை செய்கிற மருந்தை அன்றைக்குத்தான் போட்டார். மறுநாள் காலை சிவப்பி, கன்றை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்தது.

ஜெயகுமார் மாட்டுப்பட்டியிலேயே உட்கார்ந்து, நான் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரைப் போட்டு குவைத்துக்குப் போன் எடுத்தான். "நெரஞ்சி, மாடு போச்சுடி."

"இங்கயே இன்னும் ரெண்டு வருச வேலைக்கு எழுதிக் குடுத்திர்றேங்க. அழுவாதீங்க" என்றாள் நிரஞ்சலா.

அவன் போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனான்.

"அக்கா, அவரு சாப்பிட்டாரான்னு மட்டும் பாத்துக்கிங்க" என்றாள் அவள். "ஒங்க மாடு சொகமா இருக்கா?"

பாவி நான், "நல்லா இருக்கு புள்ள" என்றேன்.